நிலமும் பொழுதும்: எட்வர்ட் லியரின் நீர்வண்ணப் பயணங்கள்

முன்னுரை

கலைகள் அறுபத்து நான்கு என்பர் நம் முன்னோர். அவற்றுள் ஓவியக்கலையும் ஒன்று. ஓவியம் தீட்டுவதைப் பழந்தமிழர் 'எழுதுதல்' என்றே வழங்கினர். எழுத்தும் ஓவியமும் ஒரே கையின் தொழில்கள் என்பதை அச்சொல் நமக்கு உணர்த்துகின்றது. ஆயினும், தமிழ்த்துறையின் மலரில் ஆங்கில ஓவியர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுவது ஏன் என வினவுவார் இருக்கலாம். அதற்குக் காரணம் நம் மாணவர் ஒருவரே.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ளது கண்ணமங்கலம். அவ்வூரிலிருந்து பயில வந்த மாணவர் ஒருவரின் இலக்கண ஏட்டு ஓரங்களில் மலை முகடுகளும் பனைகளும் எழுதப்பட்டிருக்கக் கண்டோம். நன்று எனப் பாராட்டினோம். அவர் முகம் மலரவில்லை. "படம் எழுதுவது நமக்கு ஆகாது என்று பாட்டனார் சொல்கிறார். தாங்கள் என்ன சொல்கிறீர்கள் ஐயா?" என்று கேட்டார். அன்று நாம் உடனே விடை கூறவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நீர்வண்ணத்தின் இயல்பு

அரைத்த நிறப்பொடியை வேல மரப் பிசினோடு குழைத்து, நீரில் கரைத்துத் தாளில் தீட்டுவது நீர்வண்ண ஓவியம். எண்ணெய் வண்ணத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிப் பிழையை மறைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் அஃது அரிது. இங்கே ஒளி என்பது தாளின் வெண்மையே. வானமும் வெயிலும் தோன்ற வேண்டிய இடத்தைத் தீட்டாது விடுவதே ஓவியர் திறம். முதலில் மெல்லிய நிறம், பின்னர் அடர்ந்த நிறம் என்பதே இதன் ஒழுங்கு.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் வண்ணக் கட்டிகள் விற்பனைக்கு வந்தன. அதன்பின் ஓவியர் ஒருவர் தம் தொழிற்கருவி அனைத்தையும் ஒரு சிறு பெட்டியில் அடக்கிக்கொண்டு நாடு சுற்ற இயன்றது. அவ்வாறு சுற்றியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் எட்வர்ட் லியர்.

கிரேக்கத் தீவுகளில் லியர்

லியர் 1812-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். வறுமையும் காக்கை வலிப்பு நோயும் அவரது இளமையை வாட்டின. பதினைந்தாம் வயதளவிலேயே படம் எழுதிப் பிழைக்கத் தொடங்கினார். இருபது வயதிற்குள் கிளிகளின் ஓவியங்களை நூலாக வெளியிட்டுப் புகழ் பெற்றார். இறகுகளை நுணுகி நோக்கிய கண்கள் தளர்ந்தபோது பறவைகளை விடுத்து நிலக்காட்சிகளை எழுதலானார். குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாடல்களால் பின்னாளில் உலகம் அவரை அறிந்தது. எனினும், அவர் தம்மை நிலக்காட்சி ஓவியராகவே கருதினார்.

1848-ஆம் ஆண்டு அவர் முதன்முறையாகக் கோர்ஃபுத் தீவை அடைந்தார். கிரேக்க நாட்டின் மேற்குக் கடலில் உள்ள அயோனியத் தீவுகள் ஏழனுள் அது ஒன்று. அத்தீவுகள் 1815 முதல் 1864 வரை ஆங்கிலேயரின் பாதுகாப்பில் இருந்தன. லியர் பல ஆண்டுகள் கோர்ஃபுவில் தங்கினார். ஒலிவ மரங்களின் இடையே தோன்றும் கோட்டை, அதற்கப்பால் கடல், கடலுக்கு அப்பால் அல்பேனிய நாட்டு மலைகள் என்னும் ஒரே காட்சியை மீண்டும் மீண்டும் எழுதினார். ஏழு தீவுகளின் காட்சிகளையும் தொகுத்து 1863-இல் நூலாக்கினார். மறு ஆண்டு கிரீட் தீவிலும் சுற்றி வந்தார்.

அவர் தொழில் செய்த முறை அறியத்தக்கது. காட்சியின் முன் அமர்ந்து முதலில் பென்சிலால் விரைந்து வரைவார். எந்த இடத்தில் எந்த நிறம், எது பாறை, எது புதர் என்பதைப் படத்தின்மேலேயே சொற்களால் குறிப்பார். தாளின் மூலையில் இடத்தின் பெயர், நாள், மணி, வரிசை எண் ஆகியவற்றை எழுதுவார். பின்னர் இருப்பிடம் திரும்பி, பென்சில் கோட்டின்மேல் மைக்கோடு இட்டு, குறிப்புகளின்படி வண்ணம் ஏற்றுவார்.

எல்பசான் நகர நிகழ்ச்சி

1848-இல் லியர் அல்பேனியாவிலும் பயணம் செய்தார். அந்நாடு அன்று உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. எல்பசான் நகரில் அவர் படம் எழுத அமர்ந்தபோது எண்பது முதல் நூறு பேர் வரை கூடிவிட்டனர். அனைவரும் ஆவலோடு நோக்கினர். தம் ஊரின் கட்டடங்கள் இன்னவை எனத் தாளில் அடையாளம் தெரிந்த அளவில், 'ஷைத்தான்' என்னும் கூச்சல் கூட்டம் முழுவதிலும் எழுந்தது. பலர் வாயில் விரல் வைத்துச் சீழ்க்கை அடித்தனர். லியர் இதனைத் தம் பயண நூலில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார்.

நாம் இதனை நகைத்துக் கடந்துவிட இயலாது. கூவியவர்கள் நம் சமயத்தைச் சார்ந்த எளிய மக்கள். அவர்களது அச்சமும் நம் மாணவருடைய பாட்டனாரின் தயக்கமும் ஒரே மரத்தின் கிளைகள். அத்தயக்கத்தின் வேர் இறையச்சமே ஆதலின் அது மதிக்கத்தக்கது. ஆயினும், லியர் அன்று எழுதியவை கட்டடங்கள். அவற்றை எழுதுவதற்கு மார்க்கத்தில் தடை உண்டா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

மார்க்கம் காட்டும் வழி

உருவம் எழுதுவதைத் தம் பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைக் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் காணப்படுகின்றது. உருவம் படைப்போர் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) அவருக்கு எடுத்துரைத்தார்கள். கேட்டவர் நடுங்கி முகம் வெளுத்தார். அவரை அந்நிலையிலேயே விட்டுவிடாமல், எழுதத்தான் வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் எழுதுமாறு வழிகாட்டினார்கள்.

உயிருள்ளவற்றை எழுதுதல் பற்றிய விரிவான விளக்கம் உலமாக்கள் கூற வேண்டியது. அதனுள் நாம் புகவில்லை. மரமும் மலையும் ஆறும் எழுதுவதற்கு இடம் உண்டு என்பது இச்செய்தியால் தெளிவாகின்றது.

இதற்குச் சான்றாகத் திமிஷ்கு நகரின் உமய்யாப் பள்ளிவாசல் நிற்கின்றது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீபா வலீத் அதனைக் கட்டுவித்தார். அதன் சுவர்களில் பொன்னொளி வீசும் சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து மரங்களும் மாளிகைகளும் ஓடும் ஆறும் அமைக்கப்பட்டன. மனித உருவமோ விலங்கின் உருவமோ அக்காட்சியில் இல்லை. தொழுகை நிகழும் இடத்திலேயே நிலக்காட்சி இடம்பெற்றது என்றால், மாணவரின் ஏட்டில் அஃது இடம்பெறலாகாதா?

தமிழகத்தில் லியர்

இந்தியாவின் ஆளுநர் நாயகமாக விளங்கிய நார்த்புரூக் பிரபுவின் அழைப்பை ஏற்று, 1873 நவம்பரில் லியர் பம்பாய் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 61. கோர்ஃபுவில் அவரிடம் பணியில் சேர்ந்த ஜியார்ஜியோ உடன் வந்தார். வடநாடு சுற்றி, டார்ஜிலிங்கில் கஞ்சன்ஜங்காவின் பனிமுடியை எழுதி, 1874-இல் தென்னாடு வந்தார். சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், நீலகிரி ஆகிய இடங்களைக் கண்டு எழுதினார். பின்னர் இலங்கை சென்றார். அங்கே ஜியார்ஜியோ நோயுற்றார். 1875 சனவரியில் இருவரும் ஊர் திரும்பினர். இப்பயணத்தில் அவர் எழுதியவை ஏறத்தாழ இரண்டாயிரம் ஓவியங்கள். அவற்றுள் பெரும்பகுதி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. நம் மண்ணின் ஒரு காலத் தோற்றத்தைக் காண நாம் கடல் கடக்க வேண்டியுள்ளது.

நிலமும் பொழுதும்

லியர் தாளின் மூலையில் இடத்தையும் நேரத்தையும் குறித்ததைக் காணும் தமிழ் மாணவர்க்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வருதல் இயல்பு. நிலமும் பொழுதும் ஆகிய இரண்டுமே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். மரமும் பறவையும் உணவும் தொழிலும் ஆகிய கருப்பொருள்கள் அதன் பின்னரே வருகின்றன. பாலைக்கு நண்பகலையும் நெய்தலுக்கு எற்பாட்டையும் உரிமையாக்கிய புலவர், நிலத்தை ஒளியோடு சேர்த்தே கண்டவர். ஒரே குன்று காலையில் ஒரு நிறமும் மாலையில் வேறொரு நிறமும் கொள்ளும் என்பதைத் திணை இலக்கணமும் அறிந்திருந்தது; லியரின் தூரிகையும் அறிந்திருந்தது.

நம் வட்டாரத்திற்கு இதில் தனி உரிமையும் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. 583 அடிகள் கொண்ட அந்நூலில் பெருங்கௌசிகனார் மலைவழியின் இடர்களையும், மலையில் எழும் பல்வகை ஒலிகளையும், மலைவாழ் மக்களின் விருந்தோம்பலையும், சேயாற்றையும் வழிநடப்பவர் கண்ணால் காட்டுகின்றார். நவிரமலை என அந்நூல் கூறுவது இன்றைய பருவதமலை என்பர். ஆகவே, மலையைப் பார்த்து நடந்து எழுதும் கலை கண்ணமங்கலத்து மாணவர்க்கு அயல்நாட்டுச் சரக்கு அன்று. அவருடைய பாட்டன் சொத்து.

முடிவுரை

இன்று வட ஆற்காட்டுப் பகுதியின் குன்றுகள் பல கல்லுடைப்பால் கரைகின்றன. ஏரிகள் மனைகளாகின்றன. ஆற்று மணல் அள்ளப்படுகின்றது. புகைப்படக் கருவி எல்லார் கையிலும் உள்ளது உண்மையே. ஆனால் அது நொடியில் பதிந்து நொடியில் மறக்கப்படுகின்றது. ஒரு குன்றின் முன் ஒரு மணி நேரம் அமர்ந்து அதனை எழுதியவர் அக்குன்றை மறவார். அதனை எவரேனும் உடைக்க வரும்போது வாளாவும் இரார்.

எனவே நம் மாணவர்க்கு நாம் கூறும் விடை இதுவே. நாகநதியை எழுதுக. அமிர்திக் காட்டின் மரங்களை எழுதுக. ஊர்ப் பள்ளிவாசலின் மினாராவை எழுதுக. தாளின் மூலையில் ஊர்ப்பெயரையும் நாளையும் நேரத்தையும் தமிழில் குறிக்க மறவற்க. எழுதிய தாளை மறைக்காமல் பாட்டனாரிடமே முதலில் காட்டுக.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அத்தாளை வாங்கிப் பாருங்கள். அந்த மலையில் தாங்கள் சிறுவராய் இருந்தபோது எந்த மரம் நின்றது, ஆற்றில் எந்த மாதம் வரை நீர் ஓடியது என்பதைப் பேரனுக்குச் சொல்லுங்கள். அவர் அதனையும் படத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்வார்.