விதைப் பையில் 'குலைநோயைத் தாங்கும்' என்றிருந்தால் எதை நம்பலாம்?

வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாள் நெருங்குகிறது. அதற்குள் விதையை முடிவு செய்தாக வேண்டும். மலேசியாவின் தங்காக் சாவா ரிங்கிலும் எண்டாவிலும் நெல் போடுகிறவர்கள் கேட்பது சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: பையில் 'நோய் எதிர்ப்புத் திறன் உண்டு' என்று போட்டிருக்கிறதே, பிறகு ஏன் மருந்து?

அந்த வாசகத்தை முழுதாக எழுதினால் இப்படி இருக்கும்: 'சோதித்த காலத்தில், சோதித்த குலைநோய்ப் பூஞ்சை இனங்களிடம் தாங்கியது.' பையில் பாதிதான் அச்சாகிறது. 2001இல் வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி வெளியிட்ட எம்ஆர் 219 ரகம், குலைநோயைத் தாங்கும் என்ற பெயரோடுதான் வந்தது. நாடெங்கும் அதையே விதைத்தார்கள். பின்னர் பி 7.2 என்ற பூஞ்சை இனத்திடம் எளிதில் விழும் ரகம் என்று ஆய்வுக் கட்டுரைகள் குறிப்பிட்டதும் இதே எம்ஆர் 219ஐத்தான். நெல் மாறவில்லை, பூஞ்சை மாறியது.

எப்படி மாறியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பூஞ்சை இலைக்குள் நுழைந்ததும் சில புரதங்களைச் செல்லுக்குள் அனுப்பி, நெல்லின் தற்காப்பைக் கெடுக்கப் பார்க்கும். அவற்றில் சில போய் ஒட்டுவது நெல்லின் ஒருவகைச் சிறு புரதங்களில். நெல் செய்த தந்திரம், அந்த இலக்கைப் போலவே ஒரு துண்டைத் தன் காவல் புரதத்திலும் பொருத்திக்கொண்டதுதான். அது தூண்டில் புழு. ஆர்ஜிஏ 4, ஆர்ஜிஏ 5 என்று இரண்டு காவல் புரதங்கள் ஜோடியாக இருக்கும். முதலாவது செல்லையே சாகடிக்கக்கூடியது. இரண்டாவது அதை அடக்கி வைத்திருக்கும். புழு மாட்டியிருப்பது இரண்டாவதில். பூஞ்சையின் புரதம் அதைக் கவ்வியதும் அடக்கிய பிடி விடுபடுகிறது, செல் தற்கொலை செய்துகொள்கிறது. இந்தப் பூஞ்சை தொடக்கத்தில் உயிருள்ள செல்லைத் தின்று வளர்வது என்பதால் அங்கேயே பட்டினி. சுற்றியுள்ள செல்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொட்டும். மோமிலாக்டோன், சகுராநெட்டின் போன்ற பூஞ்சைக்கொல்லிகளைத் தாமே தயாரிக்கும். தாங்கிய இலையில் ஊசிமுனை அளவுப் பழுப்புப் புள்ளியோடு முடிந்துவிடும். தாங்காத இலையில் அதே புள்ளி கண் வடிவத்தில் நீண்டு, நடுவில் சாம்பல் பூக்கும்.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பூஞ்சை அந்தப் புரதத்தை அனுப்புகிறவரைதான் இதெல்லாம் நடக்கும். கோயம்புத்தூரில் உருவான கோ 39 நெல்லைப் பாருங்கள். குலைநோய்க்கு அது அவ்வளவு சுலபமாக இரையாவதால், உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதையே சோதனைப் பயிராக வளர்க்கின்றன. இத்தனைக்கும் அதனிடம் இந்தத் தூண்டில் இருக்கிறது! கவ்வ வேண்டிய புரதத்தின் மரபணுவே நெல்லைத் தாக்கும் பெரும்பாலான பூஞ்சைகளில் இல்லை. இத்தகைய மரபணுக்களில் சில குரோமோசோமின் நுனியில் உட்கார்ந்திருப்பதால் உதிர்வதும் எளிது.

புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொங்சு செரிபு 2 என்ற உள்நாட்டு நெல்லின் எதிர்ப்பு மரபணுக்களை எம்ஆர் 219க்குள் ஏற்றியிருக்கிறார்கள். நல்ல முயற்சி. எத்தனை போகத்துக்குத் தாங்கும் என்பதை விளம்பரம் சொல்லாது, வயல்தான் சொல்லும். என் நம்பிக்கை ஜப்பானியர் 2009இல் விளக்கிய பிஐ21 மரபணுவின் பக்கம். அதில் காவலே கிடையாது; நோய்க்குத் துணைபோகும் ஒரு புரதம் முடங்கியிருக்கிறது, அவ்வளவே. நோய் அடியோடு நிற்காது, மெதுவாகும். ஆனால் பல காலம் நிலைக்கிறது. விளம்பரத்துக்கு உதவாத குணம் என்பதாலோ என்னவோ, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

மற்ற கேள்விகள்:

யூரியா கூடினால்? நோயும் கூடும்.

சிலிக்கா? இலையைக் கெட்டிப்படுத்தும், மண்ணில் குறைவாக இருந்தால் பலன் தெரியும்.

கதிர்க் கழுத்தில் வந்தால்? மணி பதராகும், அப்போது பார்த்துப் பயனில்லை.

டிரைசைக்ளசோல் மருந்து பூஞ்சையைக் கொல்லுமா? கொல்லாது. இலையைத் துளைக்கப் பூஞ்சை ஏற்றும் 80 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும் கறுப்பு மெலனின் சுவரைக் கட்டவிடாது. அதனால் முன்கூட்டி அடித்தால்தான் பலன்.

அது அரிசியில் தங்குமா? தங்கலாம், 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி அளவைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01க்கு இறக்கியது.