உயிர்க்கலமும் உப்பும் நீரும்

யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டிய பழைய மாணவர் சங்கத்தார், தமிழாசிரியர் இலக்கியமே எழுதுவார் என எண்ணியிருத்தல் கூடும். ஆயினும், 19 ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயிற் கிறீன் வைத்தியர் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். ஆதலின் விஞ்ஞானம் தமிழுக்குப் புதிதன்று. அன்றியும், அலவத்துகொடையில் நாம் கண்ட நிகழ்ச்சியொன்று இப்பொருளை எழுதத் தூண்டிற்று.

மாணவன் ஒருவனின் இல்லத்துக்கு ஒருநாட் சென்றிருந்தோம். அவனுடைய சிறு தங்கை வயிற்றோட்டத்தாற் சோர்ந்து, கண் குழிந்து கிடந்தாள். "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், ஐயா" என்று பாட்டியார் நீரையே நிறுத்தியிருந்தார். அவரது அன்பிற் குறையில்லை, அறியாமையே பகையாயிற்று. ஜீவனிக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருக்கியவாறே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். பிள்ளை பிழைத்தது.

அக்கரைசல் செய்தது யாது? நமது உடல் எண்ணிறந்த கலங்களால் ஆயது. ஒவ்வொரு கலத்தையும் மென்சவ்வு ஒன்று போர்த்துள்ளது. அதன் தடிப்பு மில்லிமீற்றரின் நூறாயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கே. கொழுப்புப் பொருளாலாய அவ்விரட்டைப் படையினூடே ஒட்சிசன் எளிதிற் பரவும். உப்பும் வெல்லமும் அவ்வாறு புகமாட்டா. அவற்றுக்கெனப் புரதங்களாலாய வாயில்கள் உள. நீருக்கும் தனி வாயில் உண்டெனக் கண்ட பீற்றர் ஏகர் 2003 இல் நோபல் பரிசு பெற்றார்.

நீர் செல்லுந் திசையை நம் அடுக்களையிலே காணலாம். வாடிய வல்லாரையை நீரிலிட்டால் இலை நிமிரும். அரிந்து உப்பிட்டு வைத்தால் நீர் விட்டுத் துவளும். ஐதான கரைசலிலிருந்து செறிந்த கரைசலை நோக்கி மென்சவ்வினூடாக நீர் செல்லும் இச்செயலே பிரசாரணம் எனப்படும். நீர் தானாகச் செல்லினும், உப்பைக் கலம் உழைத்தே வெளியேற்றுகின்றது. மென்சவ்விலுள்ள பம்பி சத்தியைச் செலவிட்டு, மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கும்.

இதனாற் குடற்கலத்தினுள்ளே சோடியம் குறைவாயிருக்கும்; வெளியிலுள்ள சோடியம் உட்புக விரையும். அது புகும் வாயிலொன்று விந்தையானது. சோடியமும் குளுக்கோசும் கைகோத்து வந்தாலன்றி அது திறவாது. 1960 இல் இதனை எடுத்துரைத்தவர் றொபேட் கிறேன். இரண்டும் உட்புக, நீரும் பின்தொடரும். வாந்திபேதியிற் குடல் உப்பையும் நீரையும் வெளியே கொட்டும்பொழுதும் இவ்வாயில் பழுதுறுவதில்லை. வெறும் நீர் போதாமைக்கும், உப்பும் வெல்லமும் கூடிய நீர் உயிர் காப்பதற்கும் காரணம் இதுவே.

1971 இல் வங்காளத்துப் பொங்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவிற்று. நாளத்தில் ஏற்றும் திரவம் போதவில்லை. வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்துப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்கினுங் குறைந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2002 இல் திருத்திய அளவின்படி, ஒரு லீற்றர் நீருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், கறியுப்பு 2.6 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம் ஆகும். இவ்வளவைக் கைம்மதிப்பால் மாற்றலாகாது. வெல்லம் மிகின், உப்பிட்ட வல்லாரை போலக் குடலும் நீரை இழக்கும். இனிப்பு மிக்க சோடாப் பானங்கள் தீங்காவது இதனாலேயே. பொதியிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து, ஒருநாளுக்குள் முடித்தல் வேண்டும். பிள்ளை சோர்ந்தாலோ, பருக மறுத்தாலோ, மலத்தில் இரத்தங் கண்டாலோ தாமதியாது வைத்தியரை நாடுக.

பழைய மாணவரே, நீவிர் கற்றவற்றுட் பல மறந்திருப்பீர். உப்பும் வெல்லமும் சேர்ந்து வந்தாற் கதவு திறக்கும் என்ற இவ்வொன்றையேனும் உங்கள் இல்லத்துப் பாட்டிமாருக்குச் சொல்லி வையுங்கள்.