எரிமலை நாட்டில் – 9: ஒரு வார விடுப்பில் கோட்டோபாக்சி

சனிக்கிழமை கீட்டோவில் விமானம் இறங்குகிறது. அடுத்த ஞாயிறு ஊர் திரும்ப டிக்கெட் தயார். நடுவில் கிடைக்கும் நாட்களில் 5,897 மீட்டர் உயரமுள்ள கோட்டோபாக்சியில் ஏறி இறங்கிவிட வேண்டும். தலையில் பனியாறும் வயிற்றில் நெருப்புமாக நிற்கும் மலை அது. ஈக்வடாரின் மலையேற்ற நிறுவனங்களுக்கு இந்த ஒரு வார வாடிக்கையாளர்கள்தான் நல்ல வியாபாரம்.

திட்டம் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுதான். கீட்டோ நகரமே 2,850 மீட்டரில் இருப்பதால் முதல் இரண்டு இரவு அங்கேயே கழியும். பிறகு நகரத்தை ஒட்டிய பிச்சிஞ்சா மலையில் ஒரு நடை. அடுத்து 5,126 மீட்டர் இலினிசா நோர்த்தே. பகலில் உயரம் ஏறு, இரவில் கீழே இறங்கிப் படு என்பதுதான் கணக்கு. கடைசியில் கோட்டோபாக்சியின் ஹோசே ரிபாஸ் குடில். 4,800 மீட்டருக்கும் மேலே இருக்கும் அந்தக் குடிலில்தான் கணக்கு உதைக்கிறது.

3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. குறுகிய திட்டத்தில் இது நடக்கிற காரியமில்லை. கீழே ஏதோ ஒரு விடுதியில் படுத்திருந்தவர், மறுநாள் மாலையே ஆயிரம் மீட்டருக்கு மேல் தாவி வந்து குடிலில் படுக்கிறார். படுக்கிறார் என்பதுகூட மரியாதைக்குத்தான். ஏழு மணிக்குக் கண்ணை மூடினால் பதினொன்றரைக்கு எழுப்பிவிடுவார்கள். இதில் ஒரு தந்திரமும் உண்டு. உயர நோயின் தலைவலியும் குமட்டலும் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் உச்சியைத் தொட்டுவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று உடம்போடு கட்டும் பந்தயம்தான் இந்த ஒரு வாரத் திட்டம்.

நள்ளிரவில் கிளம்புவதற்குக் காரணம் பனி. பூமத்திய ரேகைக்கு அருகில் ஆண்டு முழுவதும் ஆறு மணி வாக்கில் விடிந்துவிடும். வெயில் ஏற ஏறப் பனி இளகும். பிளவுகளின் மேல் மூடியிருக்கும் பனிப்பாலங்கள் பலமிழக்கும். உச்சிக்கு ஆறேழு மணி நேரம் ஆகும் என்பதால், வெயில் உறைப்பதற்குள் இறங்கிவிட இருட்டிலேயே ஏறியாக வேண்டும்.

ஒரு மணி நேரம் சாம்பல் மண்ணில் சறுக்கிச் சறுக்கி நடந்தபின் பனியாற்றின் விளிம்பு வருகிறது. எல்லோரும் உட்கார்ந்து பூட்ஸில் கிராம்பான் எனும் இரும்பு முட்களைக் கட்டுகிறார்கள். விரல் மரத்துப்போய் வார் சிக்கிக்கொள்ளும். யார் கட்டியிருந்தாலும் வழிகாட்டி ஒவ்வொரு வாரையும் தன் கையால் இழுத்துப் பார்ப்பார். பிறகு கயிறு. ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் இரண்டு பேர். மூவரும் ஒரே கயிற்றில்.

அந்தக் கயிற்றில்தான் சங்கடமும் இருக்கிறது. 5,500 மீட்டரில் ஒருவர் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டால், அவரைப் பனியாற்றில் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. திடமாக இருக்கும் இன்னொருவரும் திரும்ப வேண்டியதுதான். விமான நிலையத்தில் அறிமுகமான ஒருவரின் தலைவலியால் தன் உச்சி பறிபோவதைத் தாங்கிக்கொள்ள எல்லோராலும் முடிவதில்லை. பணம் இருப்பவர்கள் தனி வழிகாட்டி வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

1880-இல் இதே மலைக்கு வந்த எட்வர்ட் விம்பருக்கு விமானம் பிடிக்கும் அவசரம் இல்லை. ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்னில் முதலில் ஏறியவர். கூடவே, அந்த மலையில் அவரோடு போட்டி போட்ட அதே இத்தாலிய வழிகாட்டி ழான் அந்துவான் காரெல். ஆல்ப்ஸ் மலையையே கரைத்துக் குடித்த இருவரும், ஈக்வடாரின் இன்னொரு மலையான சிம்பொராசோவில் சுமார் 5,000 மீட்டரில் கூடாரம் போட்டபோது காய்ச்சலும் தலைவலியுமாகச் சுருண்டுவிட்டார்கள். தேறி, ஜனவரி 4 அன்று அதன் உச்சியை அடைந்தார்கள். பிப்ரவரியில் அதே ஆட்கள் கோட்டோபாக்சியின் வாய்க்கு அருகிலேயே கூடாரம் அடித்து ஒரு முழு இரவு தங்கினார்கள். உடம்பு இந்த உயரத்தைப் பொறுக்குமா என்று பார்ப்பதும் அவர்கள் நோக்கங்களில் ஒன்று. பொறுத்தது. இடையில் கிடைத்த ஆறு வாரம் செய்த வேலை அது.

மலைக்கும் தனியாக ஒரு கால அட்டவணை உண்டு. 1877-இல் வெடித்தபோது உருகிய பனி சேற்று வெள்ளமாகப் பாய்ந்து பள்ளத்தாக்குகளை அழித்தது. 2015 ஆகஸ்டில் மீண்டும் விழித்ததும் உச்சிப் பாதை மூடப்பட்டது. திறக்க 2017 ஆகிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. டிக்கெட் போடுமுன் உச்சிப் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் விடுப்பை இன்னும் நான்கு நாள் நீட்டுங்கள். முடியாதென்றால் இலினிசாவோடு திரும்பிவிடுவது நல்லது. அதுவும் ஐயாயிரம் மீட்டருக்கு மேலான மலைதான்.

(தொடரும்)