இதய மாத்திரையும் தளர்ந்த சிறுநீரகமும்: நாடித்துடிப்பு குறைவது ஏன்?

உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, சீரற்ற இதயத் துடிப்பு ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரில் பலர், துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்கின்றனர். அட்டினோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால், டில்டியாசெம், வெராபமில் ஆகியன இவ்வகையின. உரிய அளவில் இவை இதயத்தைக் காப்பவை. ஆயினும் சிறுநீரகம் தளரும்போது, வழக்கமான அளவே ஆபத்தாக மாறக்கூடும்.

சுழற்சி தொடங்கும் விதம்

பெரும்பாலும் இது எளிய உடல்நலக் குறைவில் தொடங்குகிறது. வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், கடும் வெயில் ஆகியவற்றால் உடலில் நீர் குறையும்போது, சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. அதனால் சிறுநீர் வழியே வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் தேங்குகிறது. அட்டினோலால் போன்று சிறுநீரகம் வெளியேற்றும் மருந்துகளும் உடலிலேயே தங்கிவிடுகின்றன.

இரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5.0 மில்லி ஈக்குவலன்ட் ஆகும். இது மிகுந்தால் இதயத்தின் மின்னோட்டம் தடைப்பட்டுத் துடிப்பு குறையும். மருந்தின் செயலும் துடிப்பைக் குறைப்பதே. எனவே பொட்டாசியம் ஓரளவே உயர்ந்திருந்தாலும், இரண்டும் சேரும்போது துடிப்பு நிமிடத்திற்கு 40-க்கும் கீழே இறங்கலாம். அப்போது இரத்த அழுத்தம் வீழ்ந்து, சிறுநீரகம் மேலும் தளர்கிறது. பொட்டாசியம் மேலும் உயர்கிறது. ஒன்றையொன்று வளர்க்கும் இந்நிலையை மருத்துவர்கள் ‘பிராஷ்’ என்று அழைக்கின்றனர்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

முதியோர், நாட்பட்ட சிறுநீரக நோய், நீரிழிவு அல்லது இதயச் செயலிழப்பு உள்ளோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவையும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடும்.

அறிகுறிகளும் சிகிச்சையும்

மிகுந்த சோர்வு, தலைச்சுற்றல், மயக்கம், மூச்சுத்திணறல், மனக்குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியன முக்கிய அறிகுறிகள். சிலருக்குச் சோர்வு மட்டுமே தோன்றும். முதுமையின் தளர்ச்சி என்று அதனை ஒதுக்கிவிடலாகாது. இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் நிலையை வெளிப்படுத்தும். கால்சியம் ஊசி இதயத்தைக் காக்கும். குளுக்கோஸுடன் தரப்படும் இன்சுலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். துடிப்பை உயர்த்தும் மருந்துகளும், நீர் குறைந்தோருக்கு நரம்பு வழி நீரும் தரப்படும். சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்படலாம். உரிய காலத்தில் கண்டறிந்தால் பலருக்குத் துடிப்பு இயல்புக்குத் திரும்புகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

• வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டால், அன்றே மருத்துவரை அழைத்து, அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளலாமா என்று கேளுங்கள். தாமாகவே நிறுத்திவிடாதீர்கள்; அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி ஏற்படக்கூடும்.

• சிறுநீரக நோய் உள்ளோர், சோர்வு தீர இளநீர் அருந்துவது நல்லதன்று; அதில் பொட்டாசியம் மிகுதி. சோடியம் குறைந்த மாற்று உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு உள்ளது. எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

• டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் நீங்களே வாங்கி உட்கொள்ளாதீர்கள். அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

• மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் நாடியை எண்ணப் பழகுங்கள். 50-க்குக் குறைந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அத்துடன் மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால், உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

• மருந்து மாற்றப்பட்ட பின், மருத்துவர் குறித்த நாளில் பொட்டாசியம், கிரியாட்டினின் பரிசோதனைகளைத் தவறாது செய்துகொள்ளுங்கள்.

• மருத்துவமனைக்கு வரும்போது, நோயாளி உட்கொள்ளும் அனைத்து மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள். துடிப்பு குறைந்ததன் காரணத்தை விரைந்து அறிய அவை பெரிதும் உதவும்.