திரைக்கு அழகு, தாளுக்குத் தெளிவு

வகுப்பிலும் கூட்டத்திலும் திரையில் காட்டப்படும் ஸ்லைடுகளுக்கு ஆழ்ந்த நீலப் பின்னணியும் வெண்ணிற எழுத்தும் அழகு சேர்க்கும். அவற்றையே தாளில் அச்சிட்டு, நகலெடுத்து வழங்கினால், கருமை படர்ந்த கட்டங்களே மிஞ்சும். எழுத்து மங்கும், மை வீண்விரயமாகும், குறிப்பெழுதவும் இடமிராது. தேர்வுக்கு முந்தைய இரவில் பிள்ளைகள் எடுத்துப் படிப்பது இத்தாளைத்தான். அப்போது உதவாத தாளால் பயன் என்ன?

'பவர்பாயின்ட்' 1987ஆம் ஆண்டு மெக்கின்டோஷ் கணினிக்கென முதன்முதலில் வெளிவந்தபோது, கறுப்பு வெள்ளையில் மட்டுமே இயங்கிற்று. கேட்போருக்கு வழங்கும் தாளை அச்சிடும் வசதி அன்றே அதில் இருந்தது. வண்ணமும் பின்னணிப் படமும் பின்னர் வந்து சேர்ந்த ஒப்பனைகளே.

அவ்வொப்பனையைத் தாளில் தவிர்ப்பதற்காகத் திரைக்காட்சியைக் கலைக்க வேண்டுவதில்லை. 'ஃபைல்' பட்டியலில் 'பிரிண்ட்' என்பதைத் திறந்து, 'ஹேண்ட்அவுட்ஸ்' பகுதியில் தாளுக்கு 3 ஸ்லைடுகள் எனத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஸ்லைடின் அருகிலும் குறிப்பெழுதக் கோடுகள் அமையும். பிறகு 'கலர்' என்றிருப்பதைப் 'ப்யூர் பிளாக் அண்ட் ஒயிட்' என மாற்றுங்கள். பின்னணி வெண்மையாகும், வெள்ளெழுத்து கறுப்பாகும்.

அச்சுப்பொறியில் மட்டும் கறுப்பு மையைத் தேர்ந்தெடுப்பது இதற்கு ஈடாகாது. அதனால் நீலம் கருஞ்சாம்பலாகுமேயன்றி மறையாது. கடைக்குக் கொண்டு செல்ல பி.டி.எஃப். கோப்பு வேண்டுமாயின், மேற்கண்ட மாற்றத்தைச் செய்து, 'பிரிண்ட்' வழியாகவே அதை உருவாக்குவது நலம்.

ஸ்லைடின் மேல் தனியே ஒட்டிய படம் பின்னணியாகக் கொள்ளப்படாததால் அது எஞ்சி நிற்கும். 'வியூ' பட்டியலில் 'பிளாக் அண்ட் ஒயிட்' சென்று, அப்படத்தைத் தேர்ந்தெடுத்து, 'டோன்ட் ஷோ' எனக் கட்டளையிட்டால் கறுப்பு வெள்ளை அச்சில் அது வராது. வண்ணத் திரையிலோ முன்போலவே தோன்றும்.

ஓர் எச்சரிக்கை: நிறத்தால் மட்டுமே வேறுபடும் வரைபடங்கள் இம்முறையில் பொருளிழக்கும். சிவப்புக் கோடு எது, பச்சைக் கோடு எது என்பதைப் படிப்பவர் எங்ஙனம் அறிவார்? ஒவ்வொரு கோட்டின் அருகிலும் அதன் பெயரை எழுதிவிடுங்கள்.

நூறு பிரதிகள் எடுக்குமுன் ஒரு தாளை அச்சிட்டு, அதையும் ஒருமுறை நகலெடுத்து, சாளேசுரம் வந்தவர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் தடையின்றிப் படித்துவிட்டால் எல்லாரும் படிப்பர்.