மைதானத்தை ஈடு வைத்து ஆடிய கழகம்: இங்கிலாந்து றக்பியில் காசு எங்கே போனது?

2022 ஒக்டோபர் 17ஆம் திகதி, இங்கிலாந்தின் வாஸ்ப்ஸ் றக்பி கழகத்தில் 167 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. வீரர்கள், பயிற்சியாளர்கள், அலுவலகப் பணியாளர்கள் எல்லோரும் அதில் அடக்கம். 1867இல் தொடங்கப்பட்ட கழகம் அது. ஆறு தடவை இங்கிலாந்துச் சம்பியன், இரண்டு தடவை ஐரோப்பியச் சம்பியன். அதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர்தான் வூஸ்டர் வாரியர்ஸ் கழகத்தின் வீரர்களுடைய ஒப்பந்தங்கள் நீதிமன்ற உத்தரவு ஒன்றினால் முடிவுக்கு வந்திருந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் லண்டன் ஐரிஷ் கழகமும் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. 13 கழகங்களோடு ஆரம்பித்த பிறீமியர்ஷிப் தொடர், அடுத்த பருவத்தில் 10 கழகங்களோடு நின்றது.

வடக்கு கிழக்கில் உள்ள எங்களுக்கு றக்பி தூரத்து விளையாட்டு. உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு அதன் விதிகள் இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் பிரித்தானியாவில் கம்பனிகளின் ஆண்டுக் கணக்குகளைப் பதிவாளரின் இணையத்தளத்தில் யாரும் இலவசமாக வாசிக்கலாம். வாசித்துக்கொண்டு போனபோது எனக்கு ஆட்டம் விளங்காவிட்டாலும் கணக்கு விளங்கியது. கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மற்றொன்று. நுண்கடன் கம்பனிகளின் கிழமைத் தவணை கட்டிய எங்கள் ஊர்ப் பெண்களிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் அரை மணித்தியாலத்தில் முடிவைச் சொல்லிவிடுவார்கள்.

1995 ஓகஸ்ட் வரை றக்பி யூனியன் வீரர்கள் ஆடுவதற்குச் சம்பளம் வாங்கக்கூடாது. வேலைக்குப் போகாமல் ஆடிய நாட்களுக்கு இழப்பீடு கொடுப்பதா என்ற சண்டையில்தான் 1895இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள் பிரிந்து சென்று தனி விளையாட்டாக றக்பி லீக்கை உருவாக்கின. நூறு ஆண்டுகள் கழித்து யூனியனும் கதவைத் திறந்தது. திறந்த மறுநாளே சம்பளம் வந்துவிட்டது. அதைக் கொடுப்பதற்கான வருமானம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய பொருளியல் தேவையில்லை. பத்து அணிகள் உள்ள தொடரில் ஒரு கழகம் தன் சொந்த மைதானத்தில் ஆடுவது 9 லீக் ஆட்டங்கள். ஐரோப்பியக் கிண்ணம், உள்நாட்டுக் கிண்ணம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மைதானம் சும்மா கிடக்கும். புல்லுக்கும் மின்சாரத்துக்கும் காவலாளிக்கும் 365 நாட்களும் செலவு. ஆட்டத்துக்கு 23 பேர் வேண்டும், ஆனால் காயங்கள் அதிகமான விளையாட்டு என்பதால் நாற்பது பேருக்குக் குறையாமல் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ரசிகர்கள் பெரும் தொகையாக வருவது தேசிய அணியின் ஆட்டங்களுக்கு. 82,000 பேர் அமரும் ட்விக்கென்ஹாம் மைதானம் நிறைந்தால் அந்தப் பணம் முதலில் இங்கிலாந்து றக்பி சங்கத்துக்குத்தான் போகிறது. வீரர்களை வளர்த்துக் கொடுக்கும் கழகங்களுக்கு அதில் ஒரு பங்கு வருகிறது. 2024இல் செய்துகொண்ட எட்டு ஆண்டு உடன்பாட்டின்படி தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு 3.3 கோடி பவுண், எல்லாக் கழகங்களுக்கும் சேர்த்து.

செலவைக் கட்டுப்படுத்தச் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. கொரோனாவுக்குப் பின்னர் அதை 64 இலட்சம் பவுணிலிருந்து 50 இலட்சத்துக்கு இறக்கினார்கள், 2024இல் மீண்டும் 64 இலட்சமாக்கினார்கள். உச்சவரம்பு என்பது இதற்கு மேல் போகாதே என்ற எல்லை. உன்னால் இவ்வளவு கொடுக்க முடியுமா என்று அது யாரையும் கேட்பதில்லை. பக்கத்துக் கழகம் வரம்பு வரை கொடுத்தால் நாமும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தோற்போம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். சரசென்ஸ் கழகம் அந்த எல்லையையும் தாண்டிப் பிடிபட்டு, 2019இல் 53 இலட்சம் பவுணுக்கு மேல் தண்டம் கட்டி, அடுத்த பருவத்தில் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டது.

வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பள்ளத்தை ஆண்டுதோறும் நிரப்பியவர் உரிமையாளர். ஒரு பணக்காரர், தன் ஊர்க் கழகத்தின் மீது ஆசை கொண்டவர், தன் சொந்தப் பணத்தைக் கடனாகப் போட்டுக்கொண்டே இருப்பார். இதை ஒரு தொழில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோயில் திருவிழா உபயம் போன்றது அது. உபயகாரர் உள்ளவரை மேளமும் உண்டு, அன்னதானமும் உண்டு. அவருக்குச் சலிப்பு வந்தாலோ, வியாபாரம் படுத்தாலோ யாரிடம் போய்க் கேட்பது?

வாஸ்ப்ஸ் இதிலிருந்து தப்ப ஒரு வழி கண்டுபிடித்ததாகத்தான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். லண்டன் பக்கத்தில் வாடகை மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்த கழகம், 2014இல் கொவென்ட்ரி நகரின் பெரிய மைதானத்தை, நகரசபையிடமிருந்தும் ஒரு அறக்கட்டளையிடமிருந்தும், அதை நடத்திய கம்பனியோடு சேர்த்து வாங்கி அங்கே குடிபெயர்ந்தது. முப்பதாயிரத்துக்கு மேல் இருக்கைகள். கூடவே ஹோட்டல், கண்காட்சி மண்டபம், சூதாட்ட விடுதி. ஆட்டம் இல்லாத நாட்களிலும் காசு வரும் என்பது திட்டம். திட்டம் தவறானது என்று சொல்லமாட்டேன். எக்செட்டர் கழகம் தன் மைதானத்தில் மாநாடுகளும் விருந்துகளும் நடத்தித்தான் கொரோனாவுக்கு முன்னர் இலாபம் காட்டியது.

ஆனால் எக்செட்டர் மெதுவாகக் கட்டியதை வாஸ்ப்ஸ் கடனில் வாங்கியது. 2015இல் 3.5 கோடி பவுணுக்குப் பிணைமுறி வெளியிட்டது. பிணைமுறி என்றால் எங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது அதே ஆண்டு இலங்கை மத்திய வங்கியில் நடந்த விவகாரம்தான். இது அப்படியல்ல. ஒரு கம்பனி பொதுமக்களிடம் கடன் வாங்கி எழுதிக்கொடுக்கும் பத்திரம் இது, சாதாரண ரசிகர்களும் வாங்கலாம். வட்டி ஆண்டுக்கு 6.5 வீதம். முதல், ஏழு ஆண்டுகள் கழித்து, 2022 மே மாதம் திருப்பித் தரப்படும். ஈடாக வைக்கப்பட்டது மைதானம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டி மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 23 இலட்சம் பவுண். ஏழு ஆண்டுகளுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல். அதைக் கட்டிய பிறகும் முதல் அப்படியே நிற்கும். திரட்டிய பணத்தில் ஒரு பெரும் பகுதி ஏற்கெனவே இருந்த கடன்களை அடைக்கத்தான் போனது. 2020இல் கொரோனா வந்து மைதானம், ஹோட்டல், மண்டபம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டியது. 2022 மே வந்தது, முதலைக் கொடுக்க முடியவில்லை, புதிய கடனும் கிடைக்கவில்லை. நவம்பரில் மைதானம் ஒரு வணிகக் குழுமத்துக்கு 1.7 கோடி பவுணுக்கு விற்கப்பட்டது. கடன் கொடுத்தவர்களுக்கு வரவேண்டிய முதலில் இது பாதிகூட இல்லை. தன் கழகத்தின் மீதுள்ள பாசத்தில் சேமிப்பைக் கொடுத்த ரசிகருக்கு, கழகமும் போய் சேமிப்பின் பெரும் பகுதியும் போனது.

வூஸ்டரின் வீழ்ச்சியில் என்னைத் தொந்தரவு செய்தது வேறொரு விடயம். அங்கே முதலில் கழுத்தைப் பிடித்தது வங்கியல்ல, வரித் திணைக்களம். நிலுவை ஏறக்குறைய 60 இலட்சம் பவுண். இத்தகைய வரி நிலுவைகளில் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து பிடித்த வரியும் இருக்கும். பிடித்தது உண்மை, கட்டியது இல்லை. கொழும்பில் நான் முன்னர் வேலை செய்த ஓரிடத்தில் எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் சேமலாப நிதியத்துக்கு 8 வீதம் கழித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் கணக்கில் எதுவும் இல்லை. கையில் காசு குறையும்போது முதலாளிமார் கைவைப்பது இந்தப் பணத்தில்தான், ஏனென்றால் அது உடனே சத்தம் போடாது. அத்தோடு வூஸ்டர் மைதானத்தைச் சூழ்ந்த காணிகள் வெவ்வேறு கம்பனிகளின் பெயரில் பிரிந்து கிடந்தன. 2023 ஜனவரியில் அறிக்கை வெளியிட்ட பிரித்தானிய நாடாளுமன்றக் குழு, கழகங்களை வாங்குபவர்கள் யார், அவர்களிடம் என்ன இருக்கிறது என்பதைச் சரியாகச் சோதிக்கவில்லை என்று றக்பி நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. கொரோனாக் காலத்தில் அரசாங்கம் வூஸ்டருக்கும் வாஸ்ப்ஸுக்கும் தலா ஒரு கோடி பவுணுக்கு மேல் கடன் கொடுத்திருந்தது. அது மக்களின் வரிப்பணம்.

இடையில் இன்னொரு வேலையும் நடந்தது. 2018 இறுதியில் கழகங்கள் சேர்ந்து தொடரின் 27 வீதப் பங்கை சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 20 கோடி பவுணுக்கு மேல் விற்றன. வயலில் ஒரு பகுதியை விற்றதற்குச் சமம். கைக்கு வந்த காசு சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. விளைச்சலில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இனி வேறொருவருக்கு.

பிரான்ஸிலும் பணக்கார உரிமையாளர்கள் இருக்கிறார்கள், நட்டப்படும் கழகங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலான மைதானங்கள் மாநகரசபைகளின் சொத்து, எனவே யாரும் அவற்றை ஈடு வைக்க முடியாது. ஒரு கண்காணிப்பு அமைப்பு தொழில்முறைக் கழகங்களின் கணக்குகளைப் பருவம் தொடங்கமுன்னரே பார்க்கிறது. காசு எங்கிருந்து வரும் என்று காட்ட முடியாத கழகத்தைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. தொலைக்காட்சி உரிமைக்கு கனால் பிளஸ் நிறுவனம் ஆண்டுக்கு 11 கோடி யூரோவுக்கு மேல் கொடுப்பதும் காரணம்தான். என்றாலும் என் பார்வையில் பெரிய வித்தியாசம், கேள்வியை யார் எப்போது கேட்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் அது ஊழியருக்குச் சம்பளம் நின்ற பிறகு கேட்கப்பட்டது.

இலங்கையிலும் இந்த விளையாட்டின் கணக்கு நேரானதல்ல. முதற்தரக் கழகத் தொடரில் கண்டி, ஹெவ்லொக், சி.ஆர். போன்ற கழகங்கள் அனுசரணையாளர்களையும் செல்வந்த ஆதரவாளர்களையும் நம்பி நிற்கின்றன. அவற்றோடு மோதும் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளின் வீரர்கள் அரச சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். அந்த அணிகளின் உபயகாரர் யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடையில் சீனி வாங்கும்போது நீங்களும் நானும் கட்டும் வரியில் ஒரு சிறு துளி அங்கேயும் போகிறது.

2025 ஓகஸ்டில் நியூகாசில் கழகத்தை ரெட்புல் நிறுவனம் வாங்கியது. 'ஃபால்கன்ஸ்' என்ற பெயர் போய், நியூகாசில் ரெட் புல்ஸ் ஆனது. பெயர் போனதற்காகச் சில ரசிகர்கள் கவலைப்பட்டார்கள், சம்பளம் வரும் என்பதற்காகப் பலர் ஆறுதல்பட்டார்கள். இரண்டு பக்கத்தையும் என்னால் குறைசொல்ல முடியவில்லை. வூஸ்டர் அதே ஆண்டில் இரண்டாம் பிரிவில் மீண்டும் ஆடத் தொடங்கியது. வாஸ்ப்ஸ், கென்ற் பகுதியில் புதிதாக ஒரு மைதானம் கட்டப்போவதாக அறிவித்தது. அதற்கு இப்போது தேவை, மறுபடியும் ஒரு பெருந்தொகைப் பணம்.