மீன் அணை ஏறுவது எப்படி?

சால்மன் மீன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். சொந்த ஓடையின் நீர்வாசனைதான் அதற்கு வழிகாட்டி. நடுவே அணை குறுக்கிட்டால்?

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில், 1938-இல் கட்டி முடிக்கப்பட்ட பான்வில் அணையில் இதற்காகவே 'மீன் ஏணி' அமைத்தார்கள். அணையின் ஓரமாகப் படிக்கட்டு போல வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுமார் ஓர் அடி உயரம். மேலிருந்து தண்ணீர் தொட்டி தொட்டியாக இறங்கி வரும். தொட்டிகளுக்கு இடையிலுள்ள தடுப்புச் சுவரை மீன் தாண்டிக் குதிக்கலாம். சுவரின் அடியிலுள்ள துளை வழியாகவும் நீந்தலாம். ஓட்டம் தணிந்த மூலைகளில் சற்று இளைப்பாறலாம்.

ஏணி இருக்கும் இடம் மீனுக்கு எப்படித் தெரியும்? சால்மன் எதிர்நீச்சல் போடும் இனம். பாய்ந்து வரும் நீரைத் தேடிப் போகும். எனவே ஏணியின் வாயிலில் கூடுதல் நீரை வேகமாகப் பாய்ச்சி அதை வரவழைக்கிறார்கள். வாயில் விரைவில் தென்படுவது முக்கியம். ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பை நம்பியே பயணம். வழி தேடி அலைந்தால் முட்டையிடும் முன்பே தெம்பு தீர்ந்துவிடும்.

அதே ஆற்றில் இன்னும் மேலே, 1942-இல் முடிந்த கிராண்ட் கூலி அணையில் ஏணி கிடையாது. அதற்கப்பால் சால்மனின் பாதை அடைபட்டது. அணைக்கு வரைபடம் போடும்போதே மீனுக்கும் வழி ஒதுக்கிவிட வேண்டும்.